பாங்காக் தகவல் தளம்: பழைய பக்கங்களை நீக்குவதா, திருத்துவதா?

சீலோம்வாசி:
வணக்கம். பாங்காக்கில் குடியேறும் வெளிநாட்டவருக்காக விசா, வாடகை, பேருந்து முதலான விவரங்களைத் திரட்டித் தரும் தளம் ஒன்றைத் தனி ஆளாக நடத்தி வருகிறேன். 2024 ஜூலையில் இந்தியர் விசா இல்லாமல் தங்கும் காலம் 30 நாளிலிருந்து 60 நாளானபோது, நான் திருத்தாமல் விட்ட பக்கத்தை நம்பிப் பயணச்சீட்டை வீணாக மாற்றிக்கொண்ட ஒருவர் என்னைக் கடிந்து எழுதினார். அத்தகைய பக்கங்களை நீக்கிவிடலாமா?

படகுத்துறை:
நீக்காதீர்கள், தேடுபொறியிலிருந்து வருபவர்கள் அந்த முகவரிக்குத்தான் வருவார்கள். தலைப்பின் கீழேயே சரிபார்த்த நாளைப் போடுங்கள். தாய்லாந்து ஆவணங்களில் இருப்பது புத்த ஆண்டு என்பதால், 2568 என்பதை 2025 என்று மாற்றி எழுத மறக்க வேண்டாம். (என் வாடகை ஒப்பந்தத்தைப் பார்த்து நானே திகைத்ததுண்டு.)

மாம்பழச்சோறு:
உணவகப் பக்கங்களைக் கைவிட்டாலும் குடி முழுகாது. ஆனால் குடிவரவுத் துறைக்கு 90 நாளுக்கு ஒருமுறை முகவரி தெரிவிப்பதையும், விசா நீட்டிப்பையும், வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் வீட்டு உரிமையாளர் தர வேண்டிய அறிவிப்பையும் பலர் ஒன்றாகவே குழப்பிக்கொள்வதால், இந்த மூன்றுக்கும் தனித்தனிப் பக்கம் வைத்து, மாதம் ஒருமுறை பாருங்கள்.

சீலோம்வாசி:
மிக்க நன்றி. அப்பக்கங்களில் விசா முகவரின் விளம்பரம் போடலாமா?

மாம்பழச்சோறு:
போடலாம். ஆனால் 90 நாள் அறிவிப்புக்கு அரசு கட்டணம் வாங்குவதில்லை என்பதை விளம்பரத்துக்கு மேலேயே எழுதிவிடுங்கள். அதற்கு முகவர் சம்மதிக்காவிட்டால் அவரை விட்டுவிடுங்கள்.