ஸ்பிளிண்டர்லேண்ட்ஸ் விலைக் கருவி: ஒரே அட்டை இரண்டு முறை விற்றதாகக் காட்டுகிறது

நண்பர்களே, வணக்கம். ஹைவ் பிளாக்செயினைப் படித்து, ஸ்பிளிண்டர்லேண்ட்ஸ் என்ற இணைய அட்டை விளையாட்டின் அட்டைகளுடைய விற்பனை விலையைத் தொகுக்கும் பைத்தான் கருவி இது. 3 நொடிக்கு ஒரு பிளாக் (பரிவர்த்தனைகளின் தொகுப்பு), நாளுக்கு 28,800. அவற்றில் பெயர் 'எஸ்எம்' என்று தொடங்கும் கஸ்டம் ஜேசன்களை (செயலிகள் தங்கள் தரவைச் செயினில் எழுதும் பதிவுகள்) மட்டும் வடிகட்டுகிறோம். அதுவரை சிக்கலில்லை.

ஒரே அட்டையை இரண்டு பேர் ஒரே பிளாக்கில் வாங்க முயன்றால்தான் வம்பு. கையெழுத்து சரியாக இருந்தால் ஹைவ் இரண்டையும் ஏற்றிவிடும். உள்ளே எழுதியிருப்பதை அது பார்ப்பதில்லை. யாருக்கு அட்டை, யாருக்கு மறுப்பு என்று தீர்மானிப்பது விளையாட்டின் சர்வர். அந்த மறுப்பு செயினில் பதிவாவதில்லை. எங்கள் கணக்கில் இரண்டு விற்பனை! இருப்பு போதாத வாங்கலும் இப்படித்தான் நுழைகிறது.

ஒவ்வொரு பரிவர்த்தனை எண்ணையும் விளையாட்டின் ஏபிஐயில் (நிரல்கள் சர்வரிடம் தகவல் கேட்கும் வழி) கேட்டுப் பார்த்தோம். விடை சரி, வேகமாகக் கேட்டால் 429 பிழை (அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள் என்ற மறுப்பு), இடைவெளி விட்டால் கருவி பின்தங்குகிறது. பிளாக்கில் முதலில் வந்ததையே எடுப்பதும் தேறவில்லை, அவரிடமே பணம் போதாமல் இருக்கலாம்.

மோதும் பரிவர்த்தனைகளை மட்டும் ஏபிஐயில் கேட்டு, மற்றதை அட்டையின் உரிமையாளர் மாறியதை வைத்துச் சரிபார்த்தவர்கள் உண்டா? எத்தனை நொடி தாமதம் வைத்தீர்கள்? ஆக்டிவ் கீ (கணக்கிலிருந்து பணம் மாற்றும் ரகசியச் சாவி) கேட்கும் நிரல் எதுவும் வேண்டாம். இது படிக்க மட்டுமான கருவி.