பனி இறங்கினா ஆபீஸ் லைட் கண்ணடிக்குது, சென்சாரை மாத்தணுமா?

கோத்தகிரி பச்சைத்தூள்:
வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை பேக்டரி ஆபீஸ். ஆறு மேசை, கிழக்கே பெரிய ஜன்னல். கூரையில கீழ பார்த்தாப்ல ஒரு பிஎச்1750 வெளிச்ச சென்சார், அதைப் படிக்கிற இஎஸ்பி32ங்கிற குட்டி கம்ப்யூட்டர் போர்டு, ரிலே (போர்டு சொன்னா போட்டு அணைக்கிற சுவிட்சு) வழியா எல்இடி டியூப்லைட். வெளிச்சம் 70 லக்ஸுக்குக் (வெளிச்சத்தை அளக்கிற அலகு) கீழ போனா எரியணும், 80ஐத் தாண்டினா அணையணும், இதான் கணக்கு.

வெயில்ல தொந்தரவு இல்ல. ராத்திரியும் இல்ல. ஐப்பசி மழை முடிஞ்சு மேட்டுப்பாளையம் பக்கமிருந்து பனி ஏறுச்சோ, டக் டக்னு ஆரம்பிச்சிடும். கணக்குப்பிள்ளை எடைச்சீட்டை மூடிவெச்சுட்டு "பேய் பங்களாவா இது"ங்கிறாரு. பத்து விநாடி சராசரி எடுத்துப் பார்த்தேன். இப்போ பத்து விநாடிக்கு ஒருதடவை கண்ணடிக்குது, அவ்வளவுதான்.

குன்னூர்க்காரன்:
எல்இடி நடுக்கத்துல சென்சார் குழம்புதோ என்னமோ. வேற நல்லதா வாங்கிப் போட்டுப் பாருங்க.

சால்டரிங் சித்தப்பா:
அது இல்லீங்க. 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல விளக்கு நடுங்கினா விநாடிக்கு 100 தடவை. அந்தச் சென்சார் ஒரு அளவு எடுக்கவே 120 மில்லிவிநாடி ஆகும், நடுக்கமெல்லாம் அதுக்குள்ள கரைஞ்சிடும். சென்சார் மேல பழி போடாதீங்க.

தம்பி, ராத்திரி லைட்டை மட்டும் போட்டா சென்சார் எவ்வளவு காட்டுது?

கோத்தகிரி பச்சைத்தூள்:
64ண்ணா. அப்போ மேசைல, கடன் வாங்கின லக்ஸ் மீட்டர்ல 320.

சால்டரிங் சித்தப்பா:
ஆப்ட்டுச்சு. பனில ஜன்னல் வெளிச்சம் 40னு வெச்சுக்க. 70க்குக் கீழ, லைட் எரியும். உடனே 40ம் 64ம் சேர்ந்து 104. 80ஐத் தாண்டியாச்சு, அணையும். திரும்ப 40. உன் லைட்டைப் பார்த்தே உன் சென்சார் விடிஞ்சிடுச்சுன்னு நம்புது. ஜன்னல் வெளிச்சம் 16க்கும் 70க்கும் நடுவுல இருக்கிற வரைக்கும் இந்த ஆட்டம் நிக்காது. வெயில்ல 80க்கு மேலயே இருக்கும், ராத்திரி 16க்குக் கீழ. பனியில மட்டும் வர்றதுக்குக் காரணம் அதான். சராசரி எடுத்தா ஆட்டம் மெதுவாகும், தீராது.

எரியுற அளவு 60. அணையுற அளவு 60 + 64, மேல கையிருப்பா ஒரு 20, ஆக 144. எரிய 30 விநாடி பொறுக்கட்டும், அணைய பத்து நிமிஷம். பனி போற மாதிரி போய்த் திரும்பி வரும், உனக்கே தெரியும்.

கொடை வட்டக்கானல்:
ஒண்ணு சேர்த்துக்கறேன். கூரைல இருக்கிறது மேசைல பட்டுத் திரும்புற வெளிச்சத்தைத்தான் பார்க்குது. ராத்திரி கணக்குல சென்சார் காட்டுறதுக்கு அஞ்சு மடங்கு மேசை வெளிச்சம்னு வருது, பகல்ல அது ஒத்து வராது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டுல வருதில்லையா. அதனால லக்ஸா மாத்தாம, சென்சார் காட்டுற எண்ணையே வெச்சுக்குங்க. ஜன்னல் நேரா கண்ணுல படாம ஒரு கறுப்புக் குழாய்த் துண்டு மாட்டுங்க. போன் ஆப்ல அளக்காதீங்க, போனைச் சாய்ச்சாலே எண்ணு மாறும்.

அப்புறம் 320 கம்மிதான். ஐஎஸ் 3646ல, அதாவது உள்ளறை வெளிச்சத்துக்கான இந்தியத் தர விதியில, ஆபீஸுக்கு 300, 500, 750 லக்ஸ்னு மூணு படி சொல்லியிருக்கு. எடைச்சீட்டு படிக்கிற வயசானவருக்கு 500 வேணும். அவர் மேசைக்கு ஒரு டேபிள் லைட் வாங்கிக் கொடுத்தா போதும், கூரையை மாத்த வேணாம்.

கோத்தகிரி பச்சைத்தூள்:
மூணு நாளாச்சு. நேத்து மத்தியானம் ரெண்டு தடவை பனி வந்து போச்சு, லைட் ஒரே ஒருதடவை எரிஞ்சு அப்படியே நின்னுச்சு. கறுப்புக் குழாய் மாட்டினதும் ராத்திரி அளவு 58 ஆயிடுச்சு, அதனால 138னு திருத்திக்கிட்டேன். சென்சாருக்குக் கீழ யாரோ வெள்ளை சார்ட் பேப்பரை விரிச்சப்போ மட்டும் எண்ணு ஏறுச்சு, நல்லவேளை பத்து நிமிஷத்துக்குள்ள சுருட்டிட்டாங்க. டேபிள் லைட்டும் வந்தாச்சு.

கணக்குப்பிள்ளை பழைய சுவிட்சு எங்கடான்னு கேக்குறாரு. கழட்டிட்டேன்.

சால்டரிங் சித்தப்பா:
திரும்ப மாட்டு.