ஒத்ததிர்வுக் குழாய்: ஒரே இசைக்கவைக்கு ஒலியின் வேகம் இரண்டாக வருகிறது, உதவுங்கள்

கேள்வி:
பிளஸ் ஒன் செய்முறைத் தேர்வு நெருங்குகிறது. 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிக் குழாயின் வாய்க்கு மேலே பிடித்து, நீர்மட்டத்தை இறக்கினேன். காற்றுத் தம்பம் 15.9 செ.மீ. ஆனதும் சத்தம் கணீரென்று எழுந்தது. அடுத்து 50.0 செ.மீ.யில். முதலாவதை அலைநீளத்தில் கால் பங்கு என்று வைத்தால் வேகம் நொடிக்கு 325.6 மீட்டர். இரண்டாவதை முக்கால் பங்கு என்று வைத்தால் 341.3. மூன்று நாளாக இதேதான் வருகிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

பதில் 1:
வெப்பநிலை எவ்வளவு? 331 மீட்டர் என்பது 0 டிகிரிக்கு. டிகிரிக்கு 0.6 வீதம் கூடும்.

கேட்டவர்:
30 டிகிரி அண்ணா. அப்படியானால் 349 வர வேண்டுமே! இரண்டுமே குறைகிறது.

பதில் 2:
தம்பி, முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன் சொல்கிறேன், நீங்கள் அளந்ததில் தப்பில்லை. கணக்கில்தான் அலையைக் குழாயின் விளிம்போடு நிறுத்திவிட்டீர்கள். நீர்ப்பரப்பில் காற்று மேலும் கீழும் அசைய முடியாது, அங்கே கணு. வாயருகே தாராளமாக அசைகிறது. அந்த அசைவு வெளியே உள்ள காற்றையும் கொஞ்சம் சேர்த்து இழுப்பதால், எதிர்க்கணு விளிம்புக்குச் சற்று மேலே அமைகிறது. இதுதான் முனைத்திருத்தம், உள்விட்டத்தில் ஏறக்குறைய 0.3 மடங்கு.

இரண்டு நீளத்திலும் குறைவது அதே அளவுதான். 15.9-இல் அது பெரிய பங்கு, 50-இல் சிறிய பங்கு. அதனால்தான் முதல் விடை அதிகமாகத் தவறியது. சரி, இப்போது ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். 34.1 செ.மீ., சரியாக அரை அலைநீளம். 2 × 512 × 0.341 = 349.2.

அப்புறம், இரண்டாம் நீளத்திலிருந்து முதல் நீளத்தின் மூன்று மடங்கைக் கழித்துப் பாதியாக்கினால் 1.15 செ.மீ. உள்விட்டம் 4 செ.மீ. பக்கம் இருக்க வேண்டும். அளந்து சொல்லுங்கள்.

பதில் 3:
புல்லாங்குழல் செய்கிறேன். உள்வாய் அகலமான மூங்கிலில் அதே நீளத்துக்குச் சுருதி கொஞ்சம் இறங்கும். அதனால் முதலில் சற்று நீளமாகவே அறுத்து, ஊதிப் பார்த்துத்தான் குறைப்போம்.

கேட்டவர்:
வெர்னியரில் உள்விட்டம் 3.9 செ.மீ. சார்! 480 ஹெர்ட்ஸ் கவையிலும் பார்த்துவிட்டேன்: 17.0, 53.3. வேகம் 348.5, திருத்தம் அதே 1.15. கவை மாறியும் திருத்தம் மாறவில்லை, குழாய் ஒன்றுதானே.