கட்டிலும் சோபாவும்: அப்ராம் ரூம் யார் பக்கம்?

கடைசிவரிசை:
அப்ராம் ரூம் இயக்கி 1927-இல் வந்த ‘மூன்றாம் மெஷ்சான்ஸ்கயா’ என்ற சோவியத் ஊமைப் படத்தை நேற்று மறுபடி பார்த்தேன். மாஸ்கோவில் வீட்டுப் பஞ்சம். கோல்யா, லியூதா தம்பதியின் ஒற்றை அறைக்கு நண்பன் வொலோத்யா வந்து சோபாவில் தங்குகிறான். கோல்யா வேலையாக வெளியூர் போனதும் சோபாக்காரன் கட்டிலுக்கு மாறிவிடுகிறான். எல்லோரும் புரட்சிகரமான காதல் படம் என்கிறார்கள். எனக்கென்னவோ கடைசியில் உபதேசமாக முடிந்ததாகவே படுகிறது. கருக்கலைப்புக்குப் போன லியூதா ஜன்னல் வழியே ஒரு குழந்தையைப் பார்க்கிறாள், உடனே மனம் மாறிவிடுகிறாள். இவ்வளவு பொறுமையாக வளர்த்த பாத்திரத்துக்கு இதுதானா முடிவு?

மாடிப்படி:
அவளை அங்கே அனுப்பியது யார்? அப்பன் யாரென்று தெரியாததால் கலைத்துவிடச் சொன்னது அந்த இரண்டு ஆண்களும்தானே. அவர்கள் தீர்ப்பைத்தான் அவள் மறுக்கிறாள். சோவியத்தில் கருக்கலைப்பு 1920 முதலே சட்டப்படி நடந்தது, தடை வந்தது 1936-இல். பிறகு எங்கிருந்து வந்தது அரசு உபதேசம்?

கடைசிவரிசை:
அந்த 1920 ஆணையே அதைத் தீமை என்றுதான் சொன்னது. அனுமதித்தார்கள், கொண்டாடவில்லை.

மாடிப்படி:
சரி, கதையை விடுங்கள், ரூம் காட்டும் விதத்தைப் பாருங்கள். கோல்யாவுக்கு பால்ஷோய் தியேட்டர் கூரையில் வேலை. மொத்த நகரமும் அவன் காலடியில். மனைவி இருப்பதோ தரைக்குக் கீழே பாதி இறங்கிய வீட்டில். ஜன்னலில் தெரிவது தெருவில் போகிறவர்களின் கால்கள். அந்த உயரம் அவளுக்குக் கிடைப்பது ஒரே ஒருமுறை, வொலோத்யா விமானத்தில் கூட்டிப்போகும்போது. அவள் ஏன் அவன் பக்கம் சாய்ந்தாள் என்பதற்கு வேறு வசனமே வேண்டாம்.

பாதிடிக்கெட்:
இயக்குநர் பெயரும் ரூம், படமும் ஒரே ரூமுக்குள். (மன்னிக்கவும், சொல்லாமல் இருக்க முடியவில்லை.) ஆனால் கட்டிலுக்கு வந்ததும் வொலோத்யாவும் இன்னொரு கோல்யா ஆகிவிடுகிறான். அப்புறம் எங்கே காதல்?

மாடிப்படி:
அதுதானே படம்! கடைசியில் பிரேமிலிருந்து தன் போட்டோவை மட்டும் உருவிக்கொண்டு ரயிலேறுகிறாள். படத்தின் தொடக்கத்தில் வொலோத்யாவை மாஸ்கோவுக்குக் கொண்டுவந்ததும் ஒரு ரயில்தான். இரண்டு ஆண்களும் பழையபடி சாய்ந்துகொள்கிறார்கள், ஒருவன் கட்டிலில், ஒருவன் சோபாவில். உபதேசம் செய்ய வந்தவன் அவர்களை இப்படியா விட்டுவிட்டுப் போவான்?

கடைசிவரிசை:
போட்டோவை ஒத்துக்கொள்கிறேன், ரயிலையும். அந்தக் குழந்தை ஷாட்டை மட்டும் மன்னிக்க முடியாது.