பழைய லேத்துக்கு வீட்டு கரண்டில் ஓடும் மோட்டார்

கேள்வி: சூரமங்கலத்தில் வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் போட ஒரு பழைய லேத் (இரும்பைச் சுழற்றிக் கடையும் மெஷின்) வாங்கியிருக்கிறேன். பெட் (அடிப்படுகை) தேயவில்லை, அருமையான மெஷின். ஆனால் மோட்டார் 1 எச்.பி. த்ரீ ஃபேஸ், காயில் கருகிய வாடை வேறு. வீட்டில் சிங்கிள் ஃபேஸ்தான். மாற்று மோட்டார் எதைப் பார்த்து வாங்குவது அண்ணா?

பதில் 1: முதலில் நேம் பிளேட்டைத் துடைத்து ஆர்.பி.எம். பாருங்கள் தம்பி. 1440 இருந்த இடத்தில் 2880 மோட்டாரைப் போட்டால் சக் (கடையும் பொருளைப் பிடிக்கும் பாகம்) இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும், அது உயிருக்கே ஆபத்து. அப்புறம் ஷாஃப்டை வெர்னியரில் அளந்துவிடுங்கள், 80 ஃபிரேம் (மோட்டார் உடலின் அளவு எண்) என்றால் 19 மி.மீ., 90 என்றால் 24, இது ஒத்துப்போனால் பழைய புல்லியே உட்காரும். சிங்கிள் ஃபேஸில் ஓடும் கெபாசிட்டர் ஸ்டார்ட் வகை வாங்குங்கள்.

பதில் 2: என்னைக் கேட்டால் பழைய மோட்டாரையே ரீவைண்டிங் (காயிலைப் புதிதாகக் கட்டுவது) செய்து வி.எஃப்.டி. (சிங்கிள் ஃபேஸை த்ரீ ஃபேஸாக மாற்றித் தரும் கருவி) போடுவதுதான் நல்லது, வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். 230 வோல்ட் வி.எஃப்.டி. 230 வோல்ட் த்ரீ ஃபேஸ்தான் தரும், அதனால் ஸ்டார் இணைப்பில் 415 வோல்ட்டுக்கு ஓடிய மோட்டாரை டெல்டா இணைப்புக்கு மாற்ற வேண்டும். அதற்காகக் காயில் கட்டுபவரிடம் ஆறு முனையையும் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவில் பழைய ஸ்விட்சைப் போடவே கூடாது.

பதில் 3: சக் மரையில் ஏறுகிற லேத்தா? அப்படியானால் ரிவர்சில் ஓட்டாதீர்கள், கழன்று விழும். எர்த் கட்டாயம்.

கேட்டவர்: 1425 என்று இருக்கிறது, ஷாஃப்ட் 24. சக் மரைதான். ரீவைண்டிங்குக்கே கொடுக்கிறேன், ரொம்ப நன்றிங்க.