ஸ்டாண்டர்ட் யூசருக்கு ஸ்கிரீன் ரெக்கார்டிங்: சில மேக்குகளில் மட்டும் அட்மின் பாஸ்வேர்ட் கேட்கிறது

சோழிங்கநல்லூர் ஆபீஸ், எல்லாம் எம்டிஎம்மில் (மெஷின்களை மையமாக நிர்வகிக்கும் முறை) உள்ள மேக்புக்குகள், யாருக்கும் அட்மின் உரிமை இல்லை. ஸ்கிரீன் ரெக்கார்டிங்கை எம்டிஎம்மே நேரடியாக 'அலவ்' செய்ய முடியாது, தடுக்கத்தான் முடியும் என்பது தெரியும். அதனால் மேக்ஓஎஸ் 11-இல் வந்த வழிதான்: பிபிபிசி ப்ரொஃபைலில் (எந்த ஆப்புக்கு எந்த பிரைவசி அனுமதி என்று சொல்லும் செட்டிங் ஃபைல்) ஸ்கிரீன்கேப்சருக்கு 'அலவ்ஸ்டாண்டர்ட்யூசர்டுசெட்சிஸ்டம்சர்வீஸ்' கொடுத்திருக்கிறோம். அதே என்ட்ரியில் 'அலவ்டு' கீ இல்லை (இரண்டும் சேர்ந்து இருக்கக் கூடாது). ப்ரொஃபைல் டிவைஸ் லெவலில், எம்டிஎம் வழியாகவே போகிறது.

பெரும்பாலான மெஷின்களில் யூசரே ஸ்விட்சை ஆன் செய்கிறார், ஆப்பை மூடித் திறந்தால் வேலை முடிந்தது. சிலவற்றில் மட்டும் ப்ரொஃபைல் இருந்தும் ஸ்விட்ச் அட்மின் பாஸ்வேர்ட் கேட்டுப் பூட்டிக்கொள்கிறது.

என் சந்தேகம் கோட் ரெக்வயர்மென்ட் (ஆப்பை அதன் டிஜிட்டல் கையொப்பத்தால் அடையாளம் காணும், ப்ரொஃபைலில் உள்ள வரி) மீது. ஆப் ஸ்டோர் பதிப்புக்கும் தளத்தில் இறக்கிய பதிப்புக்கும் கையொப்பம் வேறுபடலாம். ஆப்பின் கையொப்பம் அந்த வரியோடு பொருந்தாவிட்டால் ரூல் ஒட்டாது. ஆனால் பழுதான மெஷினிலும் 'கோட்சைன் -டிஆர் -' தரும் வரி ப்ரொஃபைலில் இருப்பதேதான். அனுமதிப் பதிவை அழிக்கும் 'டிசிசியூட்டில் ரீசெட் ஸ்கிரீன்கேப்சர்' போட்டு ரீஸ்டார்ட்டும் பண்ணியாச்சு.

யூசருக்குத் தற்காலிக அட்மின் கொடுக்கச் சொல்லாதீர்கள், ஆடிட்டில் நிற்காது. ஒரே ஆப்புக்கு இரண்டு ப்ரொஃபைல் மோதினால் இப்படி ஆகுமா? எந்த லாக்கில் பார்ப்பது? செக்கோயாவில் (மேக்ஓஎஸ் 15) ஸ்கிரீன் ரெக்கார்டிங் பற்றி மாதாமாதம் வரும் எச்சரிக்கையை 15.1-இன் 'ஃபோர்ஸ்பைபாஸ்ஸ்கிரீன்கேப்சர்அலர்ட்' கொண்டு நிறுத்தியவர்களும் சொல்லுங்கள்.