கிளிநொச்சியில் இருக்கும் அக்காவின் சிகிச்சைக்கு இங்கிருந்து எவ்வாறு உதவலாம்?

கேள்வி: குளத்துப்புழைவாசி

கொல்லம் மாவட்டம் குளத்துப்புழையிலிருந்து எழுதுகிறேன். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டு, இங்குள்ள ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பம் எங்களுடையது. பெரியப்பா எங்களோடு வரவில்லை. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டு வன்னிக்குச் சென்றவர்களோடு சென்று, கிளிநொச்சியில் காடு திருத்திக் குடியேறினார். அவர் மகளுக்கு இப்போது மார்பில் கட்டி. புற்றுநோய் என்று உறுதி செய்து, யாழ்ப்பாணத்துக்கு அருகிலுள்ள தெல்லிப்பழையில் மருந்தேற்றத் தொடங்கியிருக்கிறார்கள். ஒரு தடவை போய் வந்த அக்கா அடுத்த தவணைக்குப் போகவில்லை. கேட்டால் "பார்ப்போம்" என்கிறார்.

இங்கே கேரள அரசின் மலிவு விலை காருண்யா மருந்தகத்தில் மருந்து வாங்கி அனுப்புவதா, திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கே அவரை அழைத்து வருவதா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். போர் முடிந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் சாதாரண மக்கள் சிகிச்சைக்காக இப்படி அலைய வேண்டியிருப்பது ஏன் என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டும்.

பதில் 1: ஓய்வுபெற்ற தாதி, கிளிநொச்சி

தம்பி, மருந்து வாங்கி அனுப்புவதற்கு முன்பு, அக்கா ஏன் போகவில்லை என்று பொறுமையாகக் கேளுங்கள். இங்கே அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. அங்கே போய்ச் சேருவதற்குத்தான் செலவு. விடியற்காலையில் கிளினிக் கொப்பியையும் (சிகிச்சைக் குறிப்பேடு) சோற்றுப் பொதியையும் பையில் வைத்துக்கொண்டு ஏ9 வீதியில் பேருந்து பிடித்து, யாழ்ப்பாணத்தில் இறங்கி, தெல்லிப்பழைக்கு வேறு பேருந்து ஏறி, இலக்கம் எடுத்துக் காத்திருக்க வேண்டும். மருந்து ஏற்றிய பின் வாந்தியோடு அதே வழியில் திரும்ப வேண்டும். கூட வருபவருக்கும் அன்றைய கூலி போய்விடும். பல மருந்துகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு தவணை என்பதால், மாதக்கணக்கில் இதுவே நடக்கும்.

இதன் வேர் போரில் இருக்கிறது. 2009 பெப்ரவரியில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை செல் (எறிகணை) வீச்சுக்கு உள்ளானது. பிறகு புதுமாத்தளனில் பாடசாலைக் கட்டடத்திலும் கடைசியில் முள்ளிவாய்க்காலிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய அரச வைத்தியர்களே காயக்காரரைப் பார்த்தார்கள். ஆயிரக்கணக்கானோரைச் செஞ்சிலுவைச் சங்கம் கப்பலில் திருகோணமலைக்குக் கொண்டுபோனது. அதன்பின் கட்டடங்கள் எழும்பின. ஆனால் நிபுணத்துவ வைத்தியர்களை இங்கே தங்கவைப்பது இன்றும் பெரும்பாடு. குடும்பம் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருக்கும். காலம் முடிந்ததும் இடமாற்றம் வாங்கிச் சென்றுவிடுவார்கள். 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தது. நாட்டை விட்டே பல வைத்தியர்கள் போனார்கள். அந்த இழப்பை, ஏற்கெனவே ஆள் குறைந்த எங்கள் மாவட்டங்கள் நன்றாகவே உணர்ந்தன.

இன்னொன்று. அக்கா அந்தக் கடைசி மாதங்களில் முள்ளிவாய்க்கால் பக்கம் இருந்தவர் என்றால், உடம்பில் செல் துண்டு இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள். பலருக்கு எடுக்காமலே விட்டிருக்கிறார்கள். எம்ஆர்ஐ (வலுவான காந்தத்தால் உடம்பின் உள்ளே படம் எடுப்பது) எடுக்க நேர்ந்தால் உலோகத் துண்டு ஆபத்தாகலாம்; முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பதில் 2: சித்தூர், பாலக்காடு

மருந்தைப் பொதியில் அனுப்பும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். எந்த மருந்து, எந்த அளவு என்பதை அங்குள்ள மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். புற்றுநோய் மருந்துகள் சிலவற்றைக் குளிரில் வைத்தே கொண்டுபோக வேண்டும். இறக்குமதி அனுமதியும் தேவைப்படும். திருவனந்தபுரத்துக்கு வருவதென்றால் மருத்துவ விசா, விமானச் செலவு, மாதக்கணக்கில் வாடகை வீடு. தொடங்கிய சிகிச்சையை நடுவில் இடம் மாற்றுவதும் நல்லதல்ல. தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்காகவே 2011-இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்து நிதி திரட்டினார்கள். அதற்கு முன்பு வடக்கிலிருந்து கொழும்புக்கு அருகே மகரகமவில் உள்ள புற்றுநோய் மருத்துவமனைவரை போனவர்களை நினைத்தால், தெல்லிப்பழை எவ்வளவோ பக்கம். அங்கேயே தொடரட்டும்.

பதில் 3: ஆரியங்காவு

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. உறவினர் பணம் அனுப்பித்தான் ஒரு பெண் அரச மருத்துவமனைக்குப் போக முடியும் என்றால், வெளிநாட்டில் உறவே இல்லாத பக்கத்து வீட்டுக்காரி என்ன செய்வாள்? கேரளத்தில் 2008-லேயே நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கென (கடும் நோயாளரின் வலியையும் துன்பத்தையும் தணிப்பது) அரசு கொள்கை வகுத்தது. படுக்கையில் கிடப்பவரின் வீட்டுக்குச் செவிலியர் வருகிறார். போரால் நொறுங்கிய ஊருக்கு அந்த ஏற்பாடு எங்களைவிட அதிகமாகத் தேவை. நோயாளருக்குப் பயணப்படியும் மாவட்டத்திலேயே மருந்தேற்றும் வசதியும் வேண்டும் என்று அங்குள்ளவர்கள் கேட்க வேண்டும்; நாமும் அதைப் பேச வேண்டும்.

கேள்வி கேட்டவர்

நேற்றிரவு அக்காவிடம் பேசினேன். தாதி அம்மா சொன்னதுதான். கூட வந்த மருமகள் தையல் கூடத்தில் இன்னொரு நாள் விடுப்புக் கேட்டால் வேலை போய்விடும் என்றாளாம். தனியே போக அக்காவுக்குத் துணிவில்லை. மருமகளின் கூலியையும் ஆட்டோ வாடகையையும் தவணைதோறும் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். இடது தோளில் செல் துண்டு இருப்பதும் இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தவறிய தவணைக்கு வேறு நாள் குறித்துத் தர அந்தக் கிளினிக்கில் முதலில் யாரைப் பார்க்க வேண்டும், அம்மா?

ஓய்வுபெற்ற தாதி, கிளிநொச்சி

கிளினிக் கொப்பியோடு நேரே போகச் சொல்லுங்கள். அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம். பொறுப்புத் தாதியிடம் தவணை தவறியதை மறைக்காமல் சொன்னால் அவரே வைத்தியரிடம் காட்டுவார். செல் துண்டைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவிடச் சொல்லுங்கள்.